சங்கு ஊதாத தளம்

க்டான்ஸ்க் கப்பல் தளத்தில்
முப்பத்தோராண்டு மண்டியிட்டுப் பற்றவைத்தவர் போகுமில்.
திங்களன்று அவர் முழங்காலைக் கழற்றி
உலோகம் பொருத்தினார்கள்.
சீட்டில் ஒரே சொல்: தேய்மானம்.

கழித்ததை யாகோடா மெழுகில் உறையவைத்து
முடியினும் மெல்லிதாய்ச் சீவி
நிறமேற்றிப் பார்க்கிறாள்.

தேய்ந்த குருத்தெலும்பில் ஆள் நடமாட்டமே இல்லை.
கூட்டமெல்லாம் பக்கத்துச் சவ்வில்.
விழுங்கணுக்கள், பழுப்பாய், அப்பிக்கொண்டு.
உதிர்ந்த துகளைத் தின்ன வந்தவை
தின்று மாளாமல்
கூவிக் கூவி ஆள் சேர்த்திருக்கின்றன.

வேலியே பயிரை மேய்ந்தது
என்று எழுதி முடித்துவிடலாம்.
ஆனால் இதோ, ஓரத்தில்,
அதே சாதி அணுக்கள் சில
தோளோடு தோள் ஒட்டி
வீக்கத்தை மூட்டுக்குள் விடாமல் நிற்கின்றன
நடுநடுவே பல் விழுந்த வரிசையாக.
இவற்றை எந்தப் பக்கம் எழுத?

வியாழக்கிழமை வார்டில்
"உள்ளே என்னம்மா இருந்தது?" என்றார் போகுமில்.
"வேலையாட்கள். பழுதுபார்க்க வந்து
வீடு திரும்பாதவர்கள்."

கட்டுப்போட்ட காலைச் சற்று நகர்த்தினார்.
"ஏன், அங்கே
யாரும் சங்கு ஊதுவதில்லையா?"

யாகோடாவிடம் பதில் இல்லை.
மாடியேறி
அடுத்த கண்ணாடித் தகட்டை எடுத்தாள்.