கேட்டால் தரப்படும்

பதினாறு வருடத்துக்கு முன் எழுதிய வாக்கியம்,
கட்டுரையின் வாலில், நன்றியுரைக்குக் கீழே:
‘தரவுகள், கேட்டால் தரப்படும்.’
எல்லோரும் எழுதுவார்கள்.
யாரும் கேட்கமாட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை ஒருத்தி கேட்டுவிட்டாள்.
கென்யாவில் நகுரு என்ற ஊரிலிருந்து, மூன்றே வரியில்.
அங்கேயும் ஆழ்துளைக் கிணறுகளில் ஃப்ளோரைடாம்.
பாறை வேறு, பல்லில் கறை ஒன்றுதான்,
ஒப்பிட்டுப் பார்க்கவேண்டுமாம்.

தருமபுரி. எங்கள் வேதியியல் துறை ஸ்டோர் ரூம்.
கந்தக டப்பாவுக்குப் பின்னால் இரண்டு சி.டி.
‘பாலக்கோடு ஃபைனல்.’
‘பாலக்கோடு ஃபைனல் 2.’
அவற்றை விழுங்க இன்றைய லேப்டாப் எதற்கும் வாயில்லை.
பஸ் ஸ்டாண்டு எதிரே, பிரவுசிங் சென்டர் என்று
போர்டு மட்டும் மிஞ்சிய கடையில்
ஆதார் திருத்த வந்தவர்களுக்குப் பின்னால் நின்றேன்.
முதலாவது கரகரத்து நின்றது.
இரண்டாவது திறந்தது.

இருநூற்றுப் பதின்மூன்று வரிகள்.
ஊர், வீடு, ஆழம், ஃப்ளோரைடு.
கடைசிக் கட்டத்தில் ஒற்றை எழுத்துகள்:
மூ, ப, ப, உ, மூ, ப.
என்ன ‘ப’?

முனிவேலைக் கூப்பிட்டேன். அன்று தண்ணீர் பிடித்துவந்த பையன்,
இப்போது ஓசூரில் கம்பெனி பஸ் ஓட்டுகிறான்.
‘மூ, மூடின கிணறு மேடம். உ, உப்புத் தண்ணி.
ப... பல்லு கறையா இருந்தா போடச் சொன்னீங்க.
பம்ப் ரிப்பேருக்கும் நானே போட்டிருப்பேனோ என்னமோ.’
பின்னால் யாரோ ஹாரன் அடிக்க, வைத்துவிட்டான்.

கட்டுரையில் இருப்பதோ இருநூற்றுப் பன்னிரண்டு.

சிவப்புச் சாயம் ஊற்றிப் பார்க்கிற சோதனை.
ஃப்ளோரைடு கூடக்கூடச் சாயம் வெளுக்கும்.
அறுபத்தொன்றாம் எண்ணில் குழாய்
வெறும் தண்ணீர்போல் நின்றது.
எட்டு புள்ளி ஒன்று.
வரைபடத்தின் கோட்டைக் கெடுக்கிறது என்று எடுத்துவிட்டேன்.
பாட்டிலைச் சரியாகக் கழுவியிருக்கமாட்டான் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
முனிவேல் எதையும் மூன்று முறை கழுவுகிறவன்.

அறுபத்தொன்று: திம்மக்கா, மாரண்டஅள்ளிக்குத் தெற்கே,
நானூற்று இருபது அடி. குறிப்பு: ப.
மோர் கொடுத்தாள், அதே தண்ணீரில் கரைத்தது.
‘பேப்பர்ல வந்தா சொல்லும்மா’ என்றாள்.
வந்தது.
முப்பத்தைந்து டாலர் கட்டினால் திறக்கிற பேப்பரில்.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒழுங்கு பண்ணினேன்.
ஹள்ளி, அள்ளி, பள்ளி என்று மூன்றுவிதமாகக் கிடந்த
ஊர்ப் பெயர்களை ஒன்றாக்கினேன்.
வீட்டுப் பெயர்களை அழித்தேன்.
கறைப்பல் யார் வீட்டுப் பிள்ளைக்கு என்று
உலகத்துக்குத் தெரியவேண்டியதில்லை.
விளக்கக் குறிப்பில்:
‘ப: பல் கறை, அல்லது பம்ப் பழுது. உறுதியில்லை.’
அந்த ஒரு வரிக்கு அரைமணி நேரம் ஆனது.
அறுபத்தொன்றைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தேன்.

கேட்காமலே எவரும் எடுத்துக்கொள்ளப்
பொதுக் களஞ்சியத்தில் ஏற்றியாயிற்று.
நகுருவுக்குச் சுட்டி போயிற்று.
எண்ணிப் பார்க்கிறவர் ஒன்று கூடுதலாக இருப்பதைக் கேட்பார்.
கேட்கட்டும்.

சனிக்கிழமை, மாரண்டஅள்ளி பஸ்.
பையில் ஒரே ஒரு தாள், தமிழில் அச்செடுத்தது.
இறங்கி, டீக்கடையில் விசாரித்தேன்.
‘திம்மக்காவா? எந்தத் திம்மக்கா?
இங்க நாலு பேர் இருக்காங்களே.’
அறுபத்தொன்று என்று
வாய்வரை வந்துவிட்டது.