ஒற்றைப்படை நாட்கள்

வீடு, கார், வங்கிக் கடன்,
சாப்பாட்டு மேசைகூடத்
தீர்ப்பில் பெயர் சொல்லிப் பிரிக்கப்பட்டது.
தோட்டம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

சோலிங்கனில், ரயில் பாதைக்கு மேலே,
நாற்பத்தேழாம் இலக்கத் துண்டு.
குத்தகைத் தாளில் இரண்டு பெயர்.
ஒன்றை எடுக்க இருவரும் ஒப்பமிட வேண்டுமென்று
சங்கத் தலைவி ஹோல்ட்காம்ப் அம்மா
ஒரு படிவம் தந்தார்.
கொட்டில் ஆணியில் தொங்கட்டும் என்றேன்.

ஆகவே நாள் பிரித்தோம்.
இரட்டைப்படைத் தேதி எனக்கு,
ஒற்றைப்படை யோகநேசனுக்கு.
முகம் பாராமல் இருக்க
இதைவிட எளிய கணக்கில்லை.

ஏப்ரல் நடுவில், என் சமையலறை யன்னலோரம்
ஒன்பது தயிர்க் கோப்பையில்
ஒன்பது கெர்கின் விதை.
படுக்கவைத்தால் அழுகும்;
விளிம்பில் நிறுத்தி
விரலின் முதல் கணு ஆழத்துக்கு அழுத்த வேண்டும்.
ஏழாம் நாள் ஏழு வந்தன.
அதில் ஒன்று விதையோட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு
கழற்றத் தெரியாமல் நின்றது.
எச்சில் தொட்டு நனைத்து
நகத்தால் எடுத்துவிட்டேன்.
"அது தானாக் கழரும், விடு" என்று
பக்கத்தில் நின்று சொல்ல
ஆளில்லாத சௌகரியம்.

மே பதினைந்து தாண்டாமல் வெளியே வைக்கக்கூடாது.
இங்கே பனிக்கென்றே ஐந்து புனிதர்கள்.
கடைசியாக வருகிறவள் குளிர் சோஃபி,
வெறுங்கையோடு போகமாட்டாள்.
பதினாறாம் தேதி நட்டேன்.
பதினெட்டாம் தேதி போனால்
கொடி ஏற யாரோ கயிற்றுவலை கட்டியிருக்கிறார்கள்.
யாரோ என்ன யாரோ.
சேர்ந்திருந்த காலமெல்லாம்
அவிழ்க்க முடியாமல் நான் கத்தரித்த
அதே முடிச்சு.

ஜூலையில் கெர்கின் யாருக்கும் காத்திருக்காது.
காலையில் சுண்டுவிரல், மாலையில் பெருவிரல்.
ஒரு நாள் தவறினால்
போத்தலின் வாய்க்குள் போகாது.
முள்ளைத் தூரிகையால் தேய்த்து,
உப்பு, வினாகிரி, கடுகு, சதகுப்பை இலை.
அவருடைய பங்கைக் கொட்டில் மேசையில் வைப்பேன்.
அடுத்த முறை வெறும் போத்தல் இருக்கும்,
கழுவி, மூடியையும் கழுவி.
மூடி கழுவும் யோகநேசனை
நான் மணந்திருக்கவே இல்லை.

சுப்பர்மார்க்கெட் போத்தலில் பொடி எழுத்து:
விளைந்த இடம் இந்தியா.
வாங்கி வந்து ஒப்பிட்டேன்.
அது நல்ல மொறுமொறுப்பு.
என்னுடையதில் காம்புப் பக்கம் கசப்பு.
"ஒரு நாள் தண்ணீர் உண்டு, ஒரு நாள் இல்லையென்றால்
கசக்கத்தான் செய்யும்" என்றார் ஹோல்ட்காம்ப் அம்மா.
எங்கள் நாட்காட்டி அவருக்குத் தெரியாது.
அல்லது தெரியும்.

அந்த நாட்காட்டியில் ஒரு ஓட்டை:
ஜூலை முப்பத்தொன்று ஒற்றை,
ஆகஸ்ட் ஒன்றும் ஒற்றை.
இரண்டு நாளும் அவருடையவை.
இரண்டு நாளும் அவர் வரவில்லை.
இரண்டாம் தேதி இலையைத் தூக்கினால்
என் முன்கைப் பருமனில் ஒன்று
மஞ்சள் ஏறி,
வெட்கமில்லாமல் படுத்திருந்தது.
கத்தவென்று கைபேசியை எடுத்தேன்.
எண்ணை அழித்துவிட்டது
அப்போதுதான் ஞாபகம் வந்தது.

முற்றவிட்டால் கொடி சோர்ந்துவிடும்,
புதுப் பிஞ்சு குறையும்.
தெரிந்தே விட்டேன்.

செப்டம்பர் இருபத்திரண்டு.
காய் கொடியில் இல்லை.
கொட்டில் மேசையில், ஒரு தாளின்மேல்
உலர்ந்த விதைகள்.
வழுவழுப்புப் போகக் கழுவி,
ஒன்றையொன்று தொடாமல் பரப்பியிருக்கிறது.
என்ன தாளென்று குனிந்தேன்.
ஆணியில் தொங்கிய படிவம்.
இரண்டு கையெழுத்துக் கோடும் இன்னும் வெறுமை,
மேல் கோட்டில் ஆறு விதை
ஒட்டிக்கொண்டு.
ஒன்றைப் பிய்த்தேன்,
தாளும் கூட வந்தது.

விதைப் பொட்டலத்தில் எழுதியிருந்தது:
கலப்பினம்,
சேமித்த விதை தாயைப்போல வருமென்று
உத்தரவாதம் இல்லை.
வராது என்றும் எழுதவில்லை.

சங்கத்தில் புதுப் படிவம் ஐம்பது சதம்.
இன்று இரட்டைப்படை, என் நாள்,
நேரம் இருக்கிறது.
விதைகளை எண்ணினேன். நாற்பத்தொன்று.
கையில் பிய்ந்து வந்ததைச் சேர்த்தேனா என்று
மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறேன்.