முழுமையடையாதவை

எர்சுரூமில் இன்று மைனஸ் இருபத்திரண்டு.
துறைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில்
நான், இருமுகிற ஒரு ஹீட்டர்,
நானூற்றுப் பன்னிரண்டு படிவங்கள்.

'கடந்த இரண்டு வாரங்களில்
எத்தனை முறை பதற்றமாக உணர்ந்தீர்கள்?'
ஒன்று என்றால் இல்லவே இல்லை. ஐந்து என்றால் எப்போதும்.
நெஸ்லிஹான், எண்கள் மட்டும் போதும் என்றார்
பேராசிரியர் துன்ஜாய்.
ஏற்றுகிறேன். மூன்று. நான்கு. நான்கு. இரண்டு.
பத்துப் படிவம் முடிந்தால் ஒரு கிண்ணம் பருப்பு சூப்புக்கு ஆகும்.

படிவம் 58, பல் மருத்துவம், இரண்டாம் ஆண்டு.
எல்லாக் கேள்விக்கும் மூன்று.
கடைசி மூன்றின் வயிற்றில்
பேனா தாளைக் கிழித்திருக்கிறது.

படிவம் 117.
'உங்கள் தூக்கம் திருப்தியா?'
எண் இல்லை. பென்சிலில் பொடியாக:
யாருடைய தூக்கம்? அறையில் ஆறு பேர்.
மேல்கட்டில் ஷெஹ்ரிபான் உறக்கத்தில்
கை எலும்புகளை ஒப்பிக்கிறாள்.
இருபத்தாறில் தட்டிவிடும்.
மறுபடி ஒன்றிலிருந்து.
இருபத்தேழாவதை நான்தான் இருட்டில் சொல்கிறேன்,
அப்போதுதான் அவள் நிறுத்துவாள்.

203-இல் தேநீர்க் கோப்பையின் வட்டக் கறை.
வட்டத்துக்குள் ஒரு கூட்டல்:
விடுதி, பஸ், அப்பாவின் இன்சுலின்.
கோடு போட்டிருக்கிறது,
கோட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை.

340 ஒன்பதாம் கேள்வியோடு நின்றுவிட்டது.
பத்தாவது, 'எதிர்காலம் குறித்து' என்று தொடங்கும்.
அதன் பிறகு வெள்ளை,
ஜன்னலுக்கு வெளியே
மாலையிலிருந்து பெய்துகொண்டிருக்கும் அதே வெள்ளை.

முழுமையடையாதவை நீக்கப்படும்.
விதி அது; நான்காம் பக்கத்தில் இருக்கிறது.
ஐம்பத்தொன்றை உருவி ஓரமாக வைத்தேன்.
சராசரி கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

'பரவாயில்லையே,
நம் பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்'
என்று பதில் வந்தது பேராசிரியரிடமிருந்து,
இரவு இரண்டு நாற்பதுக்கு.

சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்து
ஆறிப்போன தேநீரை அதன் வழியே இழுத்தேன்.
ஊர்ப் பழக்கம். சிக்கனமும்தான்;
ஒரு கட்டிக்கு மூன்று கோப்பை தாங்கும்.
எனக்குக் கொடுத்த படிவம்
மூன்று வாரமாக மவுஸுக்கு அடியில் கிடக்கிறது.
மணிக்கட்டு உரசி
முதல் கேள்வி பாதி அழிந்துவிட்டது.

ஓரமாக வைத்ததைக் கிழித்துப் போடச் சொல்லியிருந்தார்.
கிழிக்கிற இயந்திரம் பக்கத்து அறையில்,
சாவி காவலாளியிடம்,
காவலாளி தூக்கத்தில்.
எழுப்ப மனம் வரவில்லை.

கடைசி பஸ் போய் வெகுநேரம்.
ஐம்பத்தொன்றையும் கோட்டுக்குள்
நெஞ்சோடு செருகிப் பொத்தான் போட்டேன்.
விடுதிவரை இரண்டு கிலோமீட்டர், கண்ணாடிபோல் பனி.
காகிதம்
குளிரை நன்றாகவே தடுக்கிறது.