கழுவக்கூடாத கற்கள்

தஞ்சோங் தோக்கோங்கில் ஆறாவது மாடி.
ஆட்கள் போகும் லிஃப்டில் ஏற்றக்கூடாதென்றார் காவலர்.
சரக்கு லிஃப்ட் பழுது.
மூன்றடிக் கண்ணாடித் தொட்டியை
நானும் தம்பி தர்வினும் படிப்படியாய் இறக்கினோம்,
நோயாளியை இறக்குவதுபோல.

அறுநூறு வெள்ளி என்றார் தியோ.
நானூற்றைம்பது என்றேன்.
சரி என்றார்.
அந்தச் சரி எனக்குப் பிடிக்கவில்லை.

கற்களை ஈரச் செய்தித்தாளில் சுற்றி
மீன்பெட்டியில் அடுக்கித் தந்தார்.
கடைசியாய் ஏதோ சொன்னார்.
லோரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

எனக்கு வேலை பாயான் லெப்பாஸில்,
சில்லுத் தொழிற்சாலையில்.
உச்சி முதல் பாதம்வரை வெள்ளை உடுப்பு,
கண் மட்டும் வெளியே.
ஒரு முடி, ஒரு தும்மல், உப்பின் ஒரு துகள் போதும்,
தட்டு முழுவதும் குப்பை.
பன்னிரண்டு மணி நேரம்
தூசியோடு சண்டை போட்டுவிட்டு வருகிறவள்
கற்களை வேறென்ன செய்வாள்?

கழுவினேன்.
குழாயடியில் குந்தி, பழைய பல்துலக்கியால்.
ஊதாப் பூச்சு போயிற்று,
நூல்நூலாய் ஒட்டியிருந்த குழாய்கள் போயின,
பேர் தெரியாத கொழகொழப்பு போயிற்று.
ரொம்பப் பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் கூடம் கருவாட்டுக் கடையானது.
மஞ்சளாய் நிற்கவேண்டிய சோதனைக் குப்பி
கரும்பச்சை காட்டியது.
கழுவினாயா? என்று தியோ கேட்டிருந்தார்.
நீலக் குறி இரண்டும் விழுந்தபின்
பதில் எழுதாமல் இருந்தேன்.
அவர் திட்டவில்லை.
ஆறு வாரம். மீன் வாங்காதே.
அவ்வளவுதான்.

பின்சன்னலைத் திறந்தால் ஜெலுத்தோங் கடல்.
ஒரு வாளி மொண்டு ஊற்றேன் என்கிறான் தர்வின்.
அது எண்ணெய்க்கும் சாக்கடைக்கும் பழகிய கடல்.
இதற்கு ஆகாது.
நூற்றெண்பது வெள்ளிக்கு ஒரு வாளி உப்பு,
வடிகட்டிய தண்ணீர், கலக்க ஓர் அகப்பை.
தீவில் இருந்துகொண்டு
காசு கொடுத்துக் கடல் கரைக்கிறேன்.

குளிரூட்டி வாங்க வழியில்லை.
இரண்டு குட்டி மின்விசிறிகள் சுற்றுகின்றன.
நாளுக்கு ஒரு லிட்டர் காற்றோடு போகிறது.
போன இடத்தில் உப்புநீரையே ஊற்றிக்கொண்டிருந்தேன்.
போவது நீர் மட்டும்,
உப்பு எங்கும் போவதில்லை என்பது விளங்க
இரண்டு வாரமாயிற்று.

பக்கத்து வீட்டு ஹலீமா அக்கா
குழம்புக் கிண்ணத்தைத் திருப்பித்தர வந்தார்.
கண்ணாடியில் மூக்கை வைத்துத் தேடினார்.
மீன் எங்கே?
தண்ணீர் இன்னும் தயாராகவில்லை, அக்கா.
தண்ணீர் தயாராகணுமா என்று
சிரித்தபடியே போய்விட்டார்.
மறுநாளும் கேட்டார்.

தொட்டிக்கடியிலிருந்த பெட்டியைத் துடைக்கையில்
கிடைத்தது தியோவின் குறிப்பேடு.
நாள் தவறாமல் எண்கள்:
உப்பு, வெப்பம், எத்தனை மூடி மருந்து.
ஏப்ரல் பதினொன்றில்
எண்ணே இல்லை. இரண்டு சீன எழுத்து.
அப்புறம் வெறும் பக்கங்கள்.
எனக்குச் சீனம் தெரியாது.
படமெடுத்து மொழிபெயர்க்க
கைப்பேசிக்குத் தெரியும்.
எடுக்கவில்லை.
ஒரு வரி விட்டு
என் எண்களை எழுதத் தொடங்கினேன்.

ஆறாம் வாரம்,
இரவு வேலை முடிந்து வந்த காலை.
விளக்குப் போடாமல் டார்ச் அடித்துப் பார்த்தேன்.
இடப்பக்கக் கல்லில்
பல்துலக்கி நுழைய முடியாத பொந்து.
அதிலிருந்து ஒரு விசிறி,
அரிசி அகலம்கூட இராது,
விரிந்து நின்றது.
மூச்சு விட்டேன். கண்ணாடி மங்கியது.
என் நிழல் பட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டது.

படம் கலங்கலாய் வந்தது.
இருந்தாலும் அனுப்பினேன்.
எந்தக் கல்? என்றார் தியோ.
இடப்பக்கம், பொந்துள்ளது.
எழுதுகிறார், எழுதுகிறார் என்று
நெடுநேரம் காட்டியது திரை.
பிறகு காட்டவில்லை.

குறிப்பேட்டை எடுத்தேன்.
உப்பு 1.025.
வெப்பம் 27.
அம்மோனியா பூஜ்யம்.
அதன்கீழ், எந்தக் கட்டத்திலும் சேராமல்:
உள்ளே ஒருவர் இருக்கிறார்.