இன்னொரு தரம்

சிலிண்டர்க்காரர் மூன்றாம் முறையும் விலை கூட்டிச் சொன்ன அன்று
ஆலங்குடி வெல்டிங் பட்டறையில்
இரும்படுப்புக்கு முன்பணம் கொடுத்தேன்.
வாய் ஒன்று, கண் மூன்று,
கூரையைத் துளைத்து மேலே போகப் பதினோரடித் தகரக் குழாய்.

பொருத்திவிட்டு ஏணியிலிருந்தே தேவசகாயம் சொன்னார்:
கீற்றுக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு முழம்.
ஒழுகினாலும் அதில் ஓலை சொருகாதீங்க.
காய்ஞ்ச விறகு மட்டும்.
பதினைந்து நாளைக்கொருதரம் தொப்பியைக் கழற்றி
கயிற்றில் துடைப்பம் கட்டி உள்ளே இழுங்க.
நான் தலையாட்டினேன்.
தலையாட்டும்போது கல்லாவை எண்ணிக்கொண்டிருந்தேன்.

புகையே இல்லை.
இருபது வருஷம் எரிந்த கண்
சாம்பாரில் மிதந்த கறிவேப்பிலையைத் தனித்தனியாகப் பார்த்தது.
நடவுக்குப் போகிற பெண்கள் ஐந்து மணிக்கு வந்து
“என்னக்கா, கடையே வெளுத்துப் போச்சு” என்றார்கள்.
கறுப்பெல்லாம் எங்கே போயிற்று என்று
யாரும் கேட்கவில்லை, நானும்.

ஐப்பசி.
குடமுருட்டி கரையைத் தடவிக்கொண்டு ஓடியது.
வேலிக்கருவையை வைத்தால்
முனையில் நுரை கக்கிச் சீறும்.
எரியாத விறகுக்குப் பாளை,
எரிய மறுத்த பாளைக்கு மண்ணெண்ணெய்த் துணி.
குழாயின் உச்சியில் புகை சோம்பி நின்று
கீற்றின் மேலேயே இறங்கிப் படுத்தது.
துடைப்பம் மூலையில் புதுசாகவே இருந்தது.

பக்கத்து வீட்டு இடும்பன் அண்ணன்
வேட்டுப் பட்டறையில் முப்பது வருஷம்.
இடது கையில் விரல் மூன்று.
வீட்டில் தீப்பெட்டி வைத்துக்கொள்ளாத மனிதர்,
டீயை என் கடையில்தான் குடிப்பார்.
“உன் குழாய் வாசம் மாறிடுச்சு” என்றார் ஒருநாள்.
“மழைண்ணே.”
“மழைக்கு இந்த வாசம் கிடையாது. இது கீல்.”
டம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

கார்த்திகை பிறக்க இரண்டு நாள்.
இரண்டாவது ஈடு வெந்துகொண்டிருந்தபோது
கடைக்குள் ரயில் வந்தது.
நீடாமங்கலம் கேட்டில் நிற்கையில் காலடி மண் அதிருமே,
அந்தச் சத்தம்.
அடுப்பில் இல்லை, தலைக்கு மேல்.
குழாயின் இடுப்பு செம்பருத்தி நிறமாகிக்கொண்டிருந்தது.

குடத்தைத் தூக்கினேன்.
யாராக இருந்தாலும் குடத்தைத்தான் தூக்குவார்கள்.
“ஊத்தாதே! பிளந்துடும்!”
வேலியைத் தாண்டி இடும்பன் அண்ணன், லுங்கி கிழிந்து.
“வாயை அடை. அதுக்கு மூச்சுக் குடுக்காதே.”

தோசைக்கல்லை எடுத்து அடுப்பின் வாயில் சாத்தினேன்.
விளிம்பு வளைந்த பழைய கல்.
சந்து வழியே காற்றை அது உறிஞ்சுவது கேட்டது.
கைக்கு எட்டியது மாவு,
நாளைக்கென்று அரைத்துவைத்தது.
அள்ளி அள்ளி அப்பினேன், வரட்டி தட்டுவதுபோல.
கல்லைச் சுற்றிலும் இட்லி வெந்தது.

அவர் சாக்குகளை வாய்க்காலில் முக்கிக்
கூரைமேல் எறிந்துகொண்டிருந்தார்.
நடவுப் பெண்கள் வரிசையாக நின்று
நாற்றுமுடி மாற்றுகிற வேகத்தில் கைமாற்றினார்கள்.
தீயணைப்புக்கு போன் செய்த கனகாம்புஜம்
ஊர்ப் பெயரை மறந்து
“இட்லிக்கடை, இட்லிக்கடை” என்றே கத்தினாள்.
அது பிறகு கேலியாயிற்று.

ரயில் போய்விட்டது.
குழாய் டிக், டிக் என்று சுருங்கியது.

மறுநாள் கழற்றினோம்.
அந்த ஒரு முழத்தில் ஓர் ஓலை, நான் சொருகியது,
விளிம்பு கருகி, ஏனோ பற்றாமல்.
யாரும் பார்ப்பதற்குள் உருவி மடியில் செருகிக்கொண்டேன்.
குழாயின் உள்ளே அரக்குபோல மினுமினுத்தது,
எரிந்தது போக மீதி இரண்டு மரக்கால்.
ஒரு சில்லைக் கிள்ளி மோந்து அண்ணன் சொன்னார்:
“இந்த மாதிரி சரக்குக்கு எங்ககிட்ட லைசென்ஸ் கேக்குறாங்க.”

இப்போது விறகு என் கட்டிலடியில் தூங்குகிறது.
குழாயில் சாக்குக்கட்டியால் தேதி.
ஞாயிறுதோறும் கரண்டிக்காம்பால் தட்டிப் பார்க்கிறேன்.
சுத்தமான குழாய் நீளமாக ஒலிக்கும்,
அடைத்தது தொண்டை கட்டினாற்போல.
இந்த ஞாயிறு
எனக்குச் சரியாகத்தான் கேட்டது.
வேலிக்கு அந்தப்புறமிருந்து
“இன்னொரு தரம் தட்டு” என்றார்.