வல்லினம்

கூடைச் சாளை எண்ணூறு, எண்ணூற்றம்பது, தொள்ளாயிரம் என்று
முட்டம் துறைமுகத்தில் பதினெட்டு வருசம்
விலையை ஏற்றிவிட்ட வாய் இது.

பல்வலி என்றுதான் தொடங்கியது.
மார்த்தாண்டத்தில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள்.
அடுத்த மாதம் பக்கத்துப் பல்லையும்.
புண் ஆறவில்லை.
மேலே, நாக்கு தொடும் கூரையில்
ஒரு கறுத்த வட்டம்.
பெரிய வெள்ளியன்று குடித்த கட்டஞ்சாயா
மூக்கு வழியே இறங்கிச்
சட்டையில் விழுந்தது.

அண்ணத்தில் ஓட்டை.
அண்ணத்துக்கும் அன்னத்துக்கும்
ஒரு சுழிதான் வித்தியாசம்.

அன்றோடு வல்லினம் போயிற்று.
க என்றால் ங.
ப என்றால் ம.
பத்தாயிரம் என்று கூவினேன்,
மந்நாயிரம் என்று ஒழுகியது.
சிரித்தவர்களில் என் மச்சினன் கிரேசியானும் உண்டு.
பிறகு யாரும் சிரிக்கவில்லை.
அது இன்னும் மோசம்.

வெத்தலையா, பீடியா?
நர்சு கேட்டாள், சாமியார் கேட்டார்,
ஐஸ் உடைக்கிற பையன் கூடக் கேட்டான்.
ரெண்டுமில்லை. திருவிழாவுக்குக் கூட இல்லை.

மூன்று முறை சதை எடுத்தார்கள்.
முதல் இரண்டும் செத்த சதை என்று சீட்டு வந்தது.
மூன்றாவது திருவனந்தபுரம் போய்
லிம்போமா என்று பேர் வைத்துக்கொண்டு திரும்பியது.
பேனாவை மூடிவிட்டு டாக்டர் ஜெபமலர் சொன்னார்:
"நெறிகட்டுற இடத்துல வரவேண்டியது
அண்ணத்துல வந்து உக்காந்திருக்கு.
லட்சத்துல ஒருத்தருக்குக் கூட வராது."

லட்சம்,
லட்சத்து ஒண்ணு,
லட்சத்து ரெண்டு...
உள்ளே யாரோ ஏலம் விட்டான்.
விட்டவன் நான்தான்.
எடுத்தவனும்.

முகத்துக்கு அச்சு வார்த்தார்கள்,
வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலை.
கண்ணி அளவு பார்த்தேன்:
நெத்திலி தப்பும், சாளை தப்பாது.
இருபத்தைந்து நாள் அதற்குள்
அசையாமல் கிடந்து கதிர் வாங்கினேன்.
இடையிடையே ஊசி.
ஒன்று மஞ்சள், மஞ்சள் கரைத்த குழம்புத் தண்ணி போல.
மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றும்போது
"உப்பு போதுமா?" என்பாள் பெல்சி,
கேட்டுவிட்டு
அவளே நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

ஆவணியில்
பல் டாக்டர் ரோஸ் நிறத்தில் ஒரு தகடு செய்து
ஓட்டையை அடைத்தார்.
"ஏதாவது சொல்லுங்க."
கணவாய், என்றேன்.
க வந்தது.
சளி பிடித்த க. ஆனாலும் க.

"இப்ப எதுவும் தெரியல" என்றார் ஜெபமலர்,
ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து.
இல்லை என்று சொல்லவில்லை.
மீன்படாத நாளில் கடலைப் பார்த்து
நாங்களும் இப்படித்தான் சொல்வோம்.

இப்போது ஏலம் பாதி விரலால், பாதி வாயால்.
எச்சில் ஊறாது. இடுப்பில் தண்ணிக் குப்பி.
மீன்குழம்பு காகிதம் மாதிரி இருக்கிறது,
காரம் மட்டும் எரிகிறது.

ராத்திரி தகட்டைக் கழற்றித்
தம்ளர் தண்ணியில் போடுவேன்.
விளக்கணைத்த பிறகு கூப்பிட்டால்
மெல்ஞி என்றுதான் வரும்.

"ம்?" என்பாள்
பாதி உறக்கத்தில்.