சோப்பு எட்டாத இடம்

இருபத்தெட்டு வருஷம் மூட்டை சுமந்த முதுகு.
நடுவில் ஒரு சாண்
சோப்புகூட எட்டாது.
அங்கேதான் வந்ததாம் அது.

சித்திரை இருபத்தாறு, மூணு மணி.
நடுவீரப்பட்டு தாண்டிக் குத்தகை முந்திரிக்காடு.
தானே புயல் பழைய மரங்களைச் சாய்த்த பின் நட்டவை,
கிளை இன்னும் தரை தொடவில்லை.
மரத்துக்கு அந்தப்பக்கம் அஞ்சலாட்சி, இந்தப்பக்கம் நான்,
நடுவில் கொட்டை திருகிப் போடும் வாளி.
நெய்வேலிப் பக்கம் கறுத்தது.
"இந்த வரிசைய முடிச்சிட்டுப் போயிடலாம்" என்றேன்.
நான்தான் சொன்னேன்.

முதல் இடிக்கு அவள் அர்ச்சுனா என்றாள்.
இரண்டாவதற்கு அர்ச்
என்றாள்.
நான் எதுவும் சொல்லவில்லை.
வாய் நிறையப் பழம்.

சத்தம் எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள்.
சத்தம் இல்லை. ஒரு வெள்ளை.
பிறகு என் செருப்பு எட்டடி தள்ளிக் கிடந்தது.
வாளியில் ஒரு கொட்டைகூடச் சிந்தவில்லை.

அவள் உடம்பில் கோடு இல்லை, கீறல் இல்லை.
தூங்குகிற மாதிரி இருக்கிறாள் என்றார்கள்.
அஞ்சலாட்சி வாய் திறந்து தூங்குகிறவள்.
எனக்குத் தெரியும்.

கடலூர் பெரியாஸ்பத்திரியில்
ஜாக்கெட்டைக் கத்தரித்த நர்ஸ் ஜெயசீலி
"டாக்டர், இங்க வந்து பாருங்களேன்" என்றாள்.
படிக்கிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள்.
குப்புறக் கிடந்த எனக்கு
அவர்கள் கால்கள் தெரிந்தன, போன்கள் கேட்டன.
பெரணி இலை என்றது ஒரு குரல்.
கெடிலம் கடலில் விழுமிடத்தை
மேலே இருந்து எடுத்த படம் என்றது இன்னொன்று.
கூட்ட வந்த பிலோமினா துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு
"யாருடி ஒனக்கு முதுகுல மருதாணி வெச்சா?" என்றாள்.
பெரிய டாக்டர் ஒரு வெள்ளைக்காரன் பெயர் சொன்னார்.
எப்போதோ செத்தவனாம்.
என் முதுகில் வந்ததற்கு அவன் பெயர்.

கையை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.
முந்திரிப்பால் தின்ற விரல்கள்.
ரேஷன் கடை மிஷின் மூன்று முறை துப்பிய கட்டைவிரல்.
அதில் ஒரு கோடு மிச்சமிருந்தால்
அதையும் படமெடுத்திருப்பார்களோ என்னவோ.

ராத்திரி சுவரைப் பிடித்துக்கொண்டு
கைகழுவும் இடத்துக்குப் போனேன்.
முகம் பார்க்க மட்டும் ஒரு கண்ணாடி, பாதரசம் உரிந்தது.
கழுத்து ஒடியத் திரும்பியதில்
தோளோரம் சிவப்பாக ஒரு நுனி தெரிந்தது.
நுனியிலும் இரண்டாகப் பிரிந்து.
நான் பார்த்தது அவ்வளவுதான்.

மறுநாள் விளக்கு போடும் நேரத்துக்கு
"போயிடுச்சுக்கா" என்றாள் ஜெயசீலி,
நல்ல செய்தி சொல்கிற குரலில்.
படம் அனுப்பட்டுமா என்று கேட்டாள்.
என்னுடையது பட்டன் போன்.

மூன்றாம் நாள் கிராம அதிகாரி வந்தார்.
செத்தவளுக்குப் பாரம் இருக்கிறது என்றார்.
"நீங்களும் அடிபட்டதுக்கு அடையாளம்?"
முதுகைத் திருப்பினேன்.
அவர் பேனாவை மூடிக்கொண்டார்.

காரியம் முடிந்த சாயங்காலம்
அஞ்சலாட்சி மகள் செவ்வந்தி
தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள்.
காலேஜில் சேர இன்னும் இரண்டு மாசம்.
இடது காது எனக்குக் கேட்காது என்பதால்
வலப்பக்கம் உட்கார்ந்து தேய்த்தாள்.
"எங்க இருந்துச்சு சித்தி?"
தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.
நடுவுல, என்றேன்.
அவள் விரல் நடுவிலிருந்து கிளம்பி
மேலே போய், பிரிந்து, மறுபடி பிரிந்து,
ஒவ்வொரு கிளைக்கும் நின்று கேட்டது.
ஆமா, என்றேன்.
அங்கயும்தான், என்றேன்.

அப்புறம் விரலை எடுக்காமலே கேட்டாள்:
"அம்மா எந்தப் பக்கம் இருந்தாங்க?"

இடப்பக்கம் என்றேன்.

விரல் இடப்பக்கம் போனது.
சோப்பு எட்டாத இடம் தாண்டி, விலா தாண்டி,
புடவை முடிகிற இடம்வரை போய்
அங்கேயே இருந்தது.

வரிசையை முடித்துவிட்டுப் போகலாம் என்றது யார் என்று
அவள் கேட்கவில்லை.
எண்ணெய் ஆறிக்கொண்டிருந்தது.